ஷெல்லி-ஆன் ஃப்ரேசர்-ப்ரைஸ் பத்தி அடிக்கடி கேக்குற கேள்விகள்

100 மீட்டர்னு பேச்சு வந்தாலே எல்லாரும் உசைன் போல்ட்டோட நிறுத்திடுறாங்க. அதே ஜமைக்காலேருந்து, அதே 2008 பெய்ஜிங்ல ஆரம்பிச்சு, போல்ட் ரிட்டயர் ஆகி எட்டு வருஷம் கழிச்சும் ஃபைனல் ஓடிட்டு இருந்தவங்க ஒருத்தங்க இருக்காங்க. அவங்களைப் பத்தி சொல்லும்போதெல்லாம் திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளை இங்க ஒரே இடத்துல போட்டிருக்கேன்.

யாரு இவங்க? சுருக்கமா சொல்லுங்க.

1986 டிசம்பர் 27-ல பிறந்தவங்க, ஊரு கிங்ஸ்டன். 100 மீட்டர்ல ரெண்டு ஒலிம்பிக் தங்கம், 2008-லயும் 2012-லயும். அதே 100 மீட்டர்ல அஞ்சு தடவை உலக சாம்பியன்: 2009, 2013, 2015, 2019, 2022. வருஷங்களை நல்லா பாருங்க, முதல் பட்டத்துக்கும் கடைசிப் பட்டத்துக்கும் நடுவுல 13 வருஷம். ஸ்பிரிண்ட்ல பொதுவா நாலஞ்சு வருஷம் உச்சத்துல இருந்தாலே பெரிய விஷயம்ங்க, ஒரு ஹாம்ஸ்ட்ரிங் (தொடையோட பின்பக்கத் தசை) போனா கதையே மாறிடும். ஒலிம்பிக்ல மொத்தம் 8 மெடல், உலக சாம்பியன்ஷிப்ல ரிலேயும் சேர்த்து 10 தங்கம். உயரம் 152 சென்டிமீட்டர்தான். அதனாலதான் பாக்கெட் ராக்கெட்னு பேரு வந்துச்சு.

வளர்ந்த சூழ்நிலை எப்படி?

கஷ்டம்தான். கிங்ஸ்டன்ல வாட்டர்ஹவுஸ்னு ஒரு ஏரியா, துப்பாக்கிச் சண்டைக்கும் வறுமைக்கும் பேர்போன இடம். அம்மா மேக்சின் தெருவுல சாமான் வித்து புள்ளைங்களை வளர்த்தவங்க, சின்ன வயசுல அவங்களும் ஓடினவங்க. ஆரம்பப் பள்ளியில ஷெல்லி வெறுங்காலோட ஓடியிருக்காங்க. அப்புறம் வோல்மர்ஸ் பெண்கள் பள்ளி, அது ரொம்ப பழைய, நல்ல பேருள்ள பள்ளிக்கூடம், அங்க பழைய மாணவி ஒருத்தங்க இவங்க படிப்புச் செலவுக்கு கை கொடுத்தாங்க. இந்த உதவியை ஷெல்லி மறக்கவே இல்ல, பின்னாடி 2013-ல பாக்கெட் ராக்கெட் ஃபவுண்டேஷன்னு ஆரம்பிச்சு, விளையாட்டுல இருக்குற ஸ்கூல் புள்ளைங்களுக்கு ஸ்காலர்ஷிப் கொடுக்க ஆரம்பிச்சதுக்கு வேர் அங்கதான் இருக்குன்னு நான் நினைக்கிறேன்.

சின்ன நாடு, எப்படி இவ்வளவு ஸ்பிரிண்டர்ஸ் வர்றாங்க?

உடம்புவாகு, ஜீன்னு பேசுறதுக்கு முன்னாடி அவங்க ஸ்கூல் மீட்டைப் பாருங்க. சாம்ப்ஸ்னு சொல்வாங்க, 1910-லேருந்து நடக்குது, கிங்ஸ்டன் நேஷனல் ஸ்டேடியம் நிரம்பி வழியும், பழைய மாணவருங்க ஸ்கூல் கலர்ல சட்டை போட்டுட்டு வந்து கத்துவாங்க, பதினஞ்சு வயசுப் பையன் ஜெயிச்சா அடுத்த நாள் பேப்பர்ல படம் வரும். அவ்வளவு பெரிய கூட்டத்துக்கு முன்னாடி அந்த வயசுலயே ஓடிப் பழகினவங்களுக்கு ஒலிம்பிக் ஸ்டேடியம் அவ்வளவா பயமா இருக்காது. இன்னொண்ணு, முன்னாடி எல்லாம் நல்லா ஓடுற புள்ளைங்க அமெரிக்க காலேஜுக்கு ஸ்காலர்ஷிப்ல போயிடுவாங்க. கோச் ஸ்டீபன் ஃபிரான்சிஸ் 1999-ல எம்விபி கிளப்னு ஆரம்பிச்சு, கிங்ஸ்டன் யூடெக் யுனிவர்சிட்டி புல் கிரவுண்டுல வெச்சே உலகத் தரத்துக்கு ஆளு தயார் பண்ண முடியும்னு காட்டினார். 100 மீட்டர்ல உலக சாதனை வெச்சிருந்த அசாஃபா பவல் அங்கேருந்து வந்தவர், ஷெல்லியும் அங்கதான் தயாரானாங்க. ஓட்டத்தோட படிப்பையும் விடல, 2012-ல யூடெக்லயே குழந்தைகள் வளர்ச்சி சம்பந்தமான டிகிரி முடிச்சாங்க.

2008-ல இவங்களை டீம்லேருந்து எடுக்கச் சொன்னாங்களாமே, நிஜமா?

நிஜம். 2007-ல இவங்க பெஸ்ட் டைம் 11.31 செகண்ட், அந்த டைமுக்கு உலக ஃபைனல் பக்கமே போக முடியாது, அந்த வருஷம் ஒசாகா உலக சாம்பியன்ஷிப்புக்கு ரிலே ரிசர்வா போய் ஹீட்ஸ், அதாவது முதல் சுத்து, மட்டும் ஓடிட்டு வந்தாங்க. அடுத்த வருஷம் ஒலிம்பிக் ட்ரையல்ஸ். ஜமைக்கா ட்ரையல்ஸ்ல முதல் மூணு பேருக்குத்தான் இடம். கெரான் ஸ்டூவர்ட் 10.80, ஷெரோன் சிம்ப்சன் 10.82, மூணாவது ஷெல்லி 10.85. நாலாவது யாருன்னா வெரோனிகா கேம்பெல்-ப்ரவுன், அப்போதைய உலக சாம்பியன்! ஊரே கொந்தளிச்சுடுச்சு, யாருன்னே தெரியாத 21 வயசுப் பொண்ணுக்காக உலக சாம்பியனை வீட்ல உக்கார வைக்கலாமான்னு. ஆனா ரூல் ரூல்தான்னு ஷெல்லியையே அனுப்பினாங்க.

பெய்ஜிங் ஃபைனல்ல 10.78. ரெண்டாவது இடத்துக்கு ஸ்டூவர்ட்டும் சிம்ப்சனும் ஒரே டைம் 10.98, ரெண்டு பேருக்கும் வெள்ளி, வெண்கலமே கிடையாது. 0.20 செகண்ட் வித்தியாசம்ங்கிறது 100 மீட்டர்ல மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஒலிம்பிக் 100 மீட்டர்ல தங்கம் வாங்கின முதல் கரீபியன் பொண்ணு இவங்கதான். லைனைத் தாண்டினதும் பல்லுல கிளிப் மாட்டின வாயோட சிரிச்சுக்கிட்டு துள்ளித் துள்ளிக் குதிப்பாங்க பாருங்க, அந்த வீடியோவை எத்தனை தடவை பாத்தாலும் எனக்கு அலுக்கல.

இவ்வளவு குட்டையா இருந்துட்டு எப்படி ஜெயிக்கிறாங்க?

எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி இது, கொஞ்சம் நீளமா சொல்றேன்.

வேகம்ங்கிறது ரெண்டு விஷயம் சேர்ந்தது, ஒரு எட்டுக்கு எவ்வளவு தூரம் போறீங்க, ஒரு செகண்டுக்கு எத்தனை எட்டு வைக்கிறீங்க. 195 சென்டிமீட்டர் போல்ட் 41 எட்டுல 100 மீட்டரை முடிச்சிடுவார். ஷெல்லிக்கு சுமார் 50 எட்டு வேணும். அப்போ பத்தே முக்கால் செகண்டுக்குள்ள 50 தடவை கால் தரையைத் தொட்டு எழும்பணும், ஒரு செகண்டுக்கு நாலரைக்கு மேல. கால் தரையில இருக்குற நேரம் ரொம்ப ரொம்பக் கம்மி, அந்த இம்மி நேரத்துக்குள்ள உடம்பு எடையைப்போல பல மடங்கு பலத்தோட தரையைத் தள்ளணும். சும்மா வேகமா காலை ஆட்டுறதுன்னு நினைக்காதீங்க, அது பலம்.

குட்டையா இருக்குறதுல ஒரு லாபம், பிளாக்லேருந்து (ஸ்டார்ட்ல கால் வெச்சுத் தள்ளுற கட்டை) கிளம்புறது. அவங்க ஸ்டார்ட்டை ஸ்லோ மோஷன்ல பாருங்க. துப்பாக்கி வெடிச்சதும் உடம்பு நிமிரவே நிமிராது, தலை கீழ, பார்வை தரையில, முதுகும் பின்கால் முட்டியும் ஒரே நேர்க்கோடு, முதல் சில எட்டு பக்கத்துப் பக்கத்துலயே விழும், பாதம் உயரவே எழும்பாம ட்ராக்கை உரசிட்டுப் போற மாதிரி இருக்கும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா, அவசரப்படாம, முப்பது மீட்டர் வாக்குலதான் நிமிருவாங்க. மத்தவங்க பாதிப் பேர் பயத்துல பத்து மீட்டர்லயே நிமிர்ந்துடுவாங்க, யார் எங்க இருக்கான்னு பாக்கத் தோணும்ல. முதல்ல ஷெல்லிக்கும் பிரச்சனை இருந்துச்சு, வேற மாதிரி: நிமிர வேண்டிய இடத்துலயும் இடுப்புலேருந்து முன்னாடி கவுந்தே ஓடிட்டு இருந்தாங்க. அதை உட்கார்ந்து சரி பண்ணினது ஸ்டீபன் ஃபிரான்சிஸ்.

இன்னொரு விஷயமும் சொல்லிடறேன். கடைசி 20 மீட்டர்ல யாருமே வேகம் கூட்டறதில்ல, எல்லாருக்கும் வேகம் குறையத்தான் செய்யும், யாருக்குக் கம்மியா குறையுதோ அவங்க முன்னாடி பாயுற மாதிரி கண்ணுக்குத் தெரியும். உயரமானவங்களுக்கு அங்க சாதகம். அதனால ஷெல்லியோட கணக்கு சிம்பிள்: பாதி தூரத்துலயே முன்னாடி போயிடணும், பின்னாடி வர்றவங்க எட்டிப் பிடிக்கிறதுக்குள்ள லைன் வந்துடணும்.

ஊக்கமருந்து தடை வாங்கினாங்கன்னு ஒரு நண்பர் சொன்னாரே?

2010-ல ஆறு மாசத் தடை. ஷாங்காய் மீட்ல எடுத்த சாம்பிள்ல ஆக்சிகோடோன் இருந்துச்சு, அது கடுமையான வலி மாத்திரை. பல்வலிக்குக் கோச்கிட்டேருந்து வாங்கிப் போட்டது, டெஸ்ட் ஃபார்ம்ல எழுதாம விட்டது. ஓட்டத்துக்கு வேகம் கொடுக்குற மருந்து இல்ல, ஆனா தடைப் பட்டியல்ல இருக்கு, அதனால தண்டனை. தப்பு அவங்க பேர்லதான், அவங்களும் ஒத்துக்கிட்டாங்க. இதை ஸ்டீராய்டு கேஸ்களோட சேர்த்துப் பேசுறது மட்டும் நியாயமே இல்ல. தடை முடிஞ்சு வந்த 2011 டேகு உலக சாம்பியன்ஷிப்ல நாலாவது இடம், 10.99, மெடல் 0.01-ல போச்சு.

2012, 2013 தான் உச்சமா?

அப்போ எல்லாரும் அப்படித்தான் நினைச்சாங்க. 2012 ஜூன்ல கிங்ஸ்டன்ல 10.70. லண்டன் ஒலிம்பிக்ல 10.75, கார்மெலிட்டா ஜீட்டரை 0.03-ல முந்தி ரெண்டாவது தங்கம். பெண்கள் 100 மீட்டர்ல பட்டத்தைத் தக்க வெச்சவங்க அதுக்கு முன்னாடி ரெண்டே பேர், வயோமியா டையஸ், கெயில் டெவர்ஸ். 200-ல அலிசன் ஃபீலிக்ஸுக்கு அடுத்து வெள்ளி. 2013 மாஸ்கோ உலக சாம்பியன்ஷிப்ல 100, 200, ரிலே மூணுமே தங்கம், 100-ல 10.71, ரெண்டாவது வந்த முரியல் அஹூரே 0.22 செகண்ட் பின்னாடி. அந்த வருஷம் உலகத்தோட சிறந்த தடகள வீராங்கனை விருது. 2014-ல இண்டோர் 60 மீட்டர் பட்டமும் சேர்ந்துச்சு, 6.98.

2016 ரியோ ஒலிம்பிக்ல என்ன ஆச்சு?

கால் பெருவிரல் காயம், சீசன் முழுக்க. ஸ்பைக்ஸ் (அடியில முள்ளு வெச்ச ஓட்ட ஷூ) போட்டு அழுத்தினாலே வலி, பிளாக்லேருந்து தள்ளுறதே அந்த விரல்லதான், இவங்க பலமே ஸ்டார்ட்னு மேல சொன்னேன்ல, அப்போ எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. ஆனாலும் பச்சையும் மஞ்சளுமா தலைமுடியோட நாட்டுக் கொடி பிடிச்சுட்டு வந்து, ஃபைனல்ல 10.86, வெண்கலம். தங்கம் அதே கிளப்ல கூட ப்ராக்டிஸ் பண்ணின எலைன் தாம்ப்சன், 10.71. மூணாவது ஒலிம்பிக் தங்கம் கையை விட்டுப் போன நேரத்துல ஷெல்லி எலைனைக் கட்டிப் பிடிச்சு நிஜமாவே சந்தோஷப்பட்டாங்க.

குழந்தை பிறந்தப்புறம் எப்படித் திரும்பி வந்தாங்க?

2017 ஆகஸ்ட், லண்டன்ல உலக சாம்பியன்ஷிப் நடக்குது, பெண்கள் 100 மீட்டர் ஃபைனலை டிவில பாத்துட்டு இருந்தப்பவே இவங்களுக்குப் பிரசவ வலி. மறுநாள் பையன் சயான் பிறந்தான், சிசேரியன். அப்போ வயசு 30. அவ்வளவுதான் முடிஞ்சுதுன்னு நிறைய பேர் முடிவே பண்ணிட்டாங்க.

சிசேரியன்னா அடிவயித்துத் தசைதான் முதல்ல போகும். ஸ்பிரிண்டருக்கு அந்த நடுவுடம்புதான் எல்லாமே, கால் போடுற பலத்தைத் தாங்கிப் பிடிக்கிறது அதுதான். அதைத் திரும்பக் கட்டி எழுப்பணும், ராத்திரி எழுந்து பால் கொடுக்கணும், காலையில ட்ராக்குக்குப் போகணும். 2018-ல மெதுவா ஆரம்பிச்சு ஜூலையில 10.98 வந்துட்டாங்க. 2019-ல ஜமைக்கா நேஷனல்ஸ்ல எலைனுக்கும் இவங்களுக்கும் ஒரே டைம் 10.73.

அந்த வருஷம் செப்டம்பர், தோஹா உலக சாம்பியன்ஷிப். ஸ்டேடியத்துல பாதி நாற்காலி காலி. வானவில் கலர்ல முடி. முப்பது மீட்டர்லயே ரேஸ் முடிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு, 10.71, டீனா ஆஷர்-ஸ்மித் 10.83. 32 வயசுல, ரெண்டு வயசுப் பையனை இடுப்புல தூக்கிட்டு ட்ராக்கைச் சுத்தி வந்தாங்க. 1995-ல க்வென் டோரன்ஸுக்கு அப்புறம் 100 மீட்டர் உலகப் பட்டம் ஜெயிச்ச முதல் அம்மா. குழந்தை பெத்தா கேரியர் போச்சுன்னு ஸ்பான்சர்களும் கோச்களும் பேசிட்டு இருந்த காலம் அது, அந்தப் பேச்சையெல்லாம் இந்த ஒரு ரேஸ் ஓரங்கட்டிடுச்சுன்னு உறுதியா சொல்வேன்.

வயசு ஆக ஆக வேகம் கூடுச்சுன்னு சொல்றது உண்மையா?

டைமை வெச்சுப் பாருங்க, நான் சொல்லவே வேண்டாம். 25 வயசுல போட்ட 10.70 ஒன்பது வருஷம் அவங்க பெஸ்டா இருந்துச்சு. 2021 ஜூன் 5, கிங்ஸ்டன், 34 வயசு: 10.63. 1988-ல 10.49 ஓடின ஃப்ளோரன்ஸ் கிரிஃபித் ஜாய்னரைத் தவிர அதுவரைக்கும் உலகத்துல எந்தப் பொண்ணும் அவ்வளவு வேகமா ஓடினதில்ல. டோக்கியோ ஒலிம்பிக்ல 10.74, ஆனா எலைன் 10.61-ல பறந்துட்டாங்க, ஷெல்லிக்கு வெள்ளி. ஆகஸ்ட்ல எலைன் 10.54. அதுக்கு அஞ்சு நாள் கழிச்சு லோசான்ல ரெண்டு பேரும் மறுபடி பக்கத்துல, இந்தத் தடவை ஷெல்லி 10.60, எலைன் 10.64. அந்த 10.60-தான் ஷெல்லியோட கேரியர் பெஸ்ட், உலக வரலாற்றுல ரெண்டே ரெண்டு பெண்கள்தான் அதைவிட வேகமா ஓடியிருக்காங்க.

2022 இன்னும் பெருசு. ஒரே சீசன்ல ஏழு தடவை 10.70-க்குக் கீழ. நைரோபில, பாரிஸ்ல, மொனாகோல, எங்க போனாலும் அதே தரம். யூஜின் உலக சாம்பியன்ஷிப்ல 10.67, ரெண்டாவது ஷெரிக்கா ஜாக்சன், மூணாவது எலைன், மூணு பேருமே ஜமைக்கா. ஷெல்லிக்கு வயசு 35. புது ஸ்பைக்ஸ் தொழில்நுட்பத்தால எல்லாருக்குமே டைம் இறங்குச்சுன்னு சிலர் சொல்வாங்க, அதுல உண்மை இருக்கு, ஆனா அந்த ஸ்பைக்ஸ் எல்லாக் கால்லயும்தானே இருந்துச்சு, ஜெயிச்சது யாரு?

அந்த முடி கலர் எல்லாம் எதுக்கு?

பிடிக்கும், அதான். 2013-ல கிங்ஸ்டன்ல சிக் ஹேர் ஜேஏன்னு சொந்தக் கடையே ஆரம்பிச்சாங்க.

எலைனா ஷெல்லியா, யாரு பெரியவங்க?

சுத்தமான வேகம்னு கேட்டா எலைன், 10.54, அப்புறம் ரியோ, டோக்கியோ ரெண்டு ஒலிம்பிக்லயும் 100, 200 ரெண்டுலயுமே தங்கம், அதை யாரும் மறுக்க முடியாது. ஆனா மொத்தக் கேரியரையும் வெச்சுப் பாத்தா 100 மீட்டர்ல ஷெல்லிக்கு மேல யாரையும் என்னால வைக்க முடியல, ஆண்களையும் சேர்த்துத்தான் சொல்றேன். போல்ட்டுக்கே 100-ல உலகப் பட்டம் மூணுதான். காயம், தடை, பிரசவம், தனக்குப் பின்னாடி வந்த ரெண்டு மூணு தலைமுறை, எல்லாத்தையும் பாத்துட்டு நின்ன ஆளு இவங்க.

கடைசி வருஷங்கள் எப்படிப் போச்சு?

2023 முட்டிக் காயத்தோட ஆரம்பிச்சுது, ஆனாலும் புடாபெஸ்ட் உலக சாம்பியன்ஷிப்ல 10.77, வெண்கலம். அந்த வருஷம் பையன் ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் டேல அம்மாக்கள் ரேஸ்ல ஓடின வீடியோ உலகம் முழுக்கப் போச்சு, பாவம் மத்த அம்மாக்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்தான் மனசுக்குக் கஷ்டம், செமி ஃபைனலுக்கு முன்னாடி வார்ம்-அப்லயே காயம், ஸ்டார்ட் லைனுக்கே வரல. அதோட விட்டுடுவாங்கன்னு நினைச்சேன். விடல. 2025 ஜமைக்கா ட்ரையல்ஸ்ல 10.91, மூணாவது இடம், 38 வயசுல டீம்ல இடம். செப்டம்பர்ல டோக்கியோ உலக சாம்பியன்ஷிப்ல ஃபைனல் வரைக்கும் போய் 11.03, ஆறாவது. அந்த ரேஸ்ல மெலிசா ஜெஃபர்சன்-வூடன் 10.61 ஓடி, 2023-ல ஷகாரி ரிச்சர்ட்சன் போட்ட 10.65 சாம்பியன்ஷிப் ரெக்கார்டை உடைச்சாங்க, ரெண்டாவது வந்தது ஜமைக்காவோட டீனா கிளேட்டன், ஷெல்லிக்கு 17 வயசு சின்னவங்க. கடைசியா ரிலேல வெள்ளி, அதோட ஓட்டத்துக்கு முழுக்கு.

ஒண்ணுமே பாத்ததில்ல, எந்த ரேஸ்லேருந்து ஆரம்பிக்கலாம்?

ஸ்டார்ட்டைப் புரிஞ்சுக்கணும்னா 2013 மாஸ்கோ. முதல்ல சவுண்டு இல்லாம, அவங்களை மட்டும் பாருங்க, அப்புறம் பக்கத்து லேன்ல இருக்குறவங்க எந்த இடத்துல தலையைத் தூக்குறாங்கன்னு பாருங்க. சண்டை பாக்கணும்னா 2021 லோசான், பக்கத்துல எலைன் ஓடுறப்போ கடைசி பத்து மீட்டர்ல ஷெல்லி தோள் இறுகாம, முகம் சுளிக்காம எப்படிப் பிடிச்சு நிக்கிறாங்கன்னு கவனிங்க, வழக்கமா அவங்களுக்குப் பலவீனமான இடம் அது. ரெண்டும் சேர்த்து 22 செகண்ட் கூட ஆகாது. தோஹாவை மட்டும் லைனைத் தாண்டினதும் நிறுத்திடாதீங்க, பையனைத் தூக்கிட்டு வர்ற வரைக்கும் ஓடவிடுங்க.